ஒயில் ஒழுகுது, ஆர் பார்க்கிறது?

எங்கட வீட்டுப் போர்ட்டிக்கோவில் ஒரு கறை இருக்கிறது. சாப்பாட்டுக் கோப்பை ஒன்றின் அளவு. அதற்கு நேர் மேலேதான் அப்பாவின் ஹொண்டா சி 90 ஒவ்வொரு இரவும் நிற்கும். காலையில் அம்மா கூட்ட வரும்போது கறையின் நடுவில் புதிதாக நாலைந்து சொட்டு மினுங்கிக்கொண்டிருக்கும். அம்மா ஒரு கை மண் அள்ளிப் போட்டுத் தும்புத்தடியால் தேய்த்து, அந்த மண்ணைக் கூட்டிக் கிணற்றடிப் பக்கம் தள்ளிவிடுவா. எட்டு மாதம் இதுதான் நடந்தது. வீட்டில் ஒருத்தரும் அதைப் பெரிய விசயமாக எடுக்கவில்லை. “பழைய மோட்டச்சைக்கிள் எண்டா ஒழுகத்தான் செய்யும்” என்பது அப்பாவின் தீர்ப்பு.

அந்தப் பழைய மோட்டார் சைக்கிளில்தான் நான் கம்பஸ் போகிறேன். என்னோடு படிக்கிற பெண்பிள்ளைகள் ஸ்கூட்டியில் வர, நான் மட்டும் கிழவர்கள் ஓடுகிற தொண்ணூறில் வருவது ஆரம்பத்தில் பகிடியாகத்தான் இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபிறகு ஓடின ஸ்கூட்டிகளின் விலைகூட எங்களுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. 2022 இல் ரூபா விழுந்தபிறகு கேட்கவே வேண்டாம். ஆக, வீட்டில் இருக்கிறதை ஓடுவதுதான் வழி. எங்கட வீட்டில் மட்டுமில்லை, இந்த ஊரில் பாதி வீடுகளில் கதை இதுதான். புதுசு வாங்க முடியாத காலத்தில் பழசைக் காப்பாற்றத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முதல் படி என்ன என்பதைத்தான் எழுத வந்தேன். ஸ்பனர் பிடிக்கிறது அந்த முதல் படி இல்லை.

ஒருநாள் கியர் மாற்றும்போது வழமையில்லாத ஒரு கடகடப்புக் கேட்டது. வந்து ஒயில் பார்க்கிற குச்சியை எடுத்துப் பார்த்தால் நுனியில் மட்டும் ஈரம். கீழ்க் கோட்டைக்கூடத் தொடவில்லை. இந்த எஞ்சினுக்குள் ஒரு லீற்றருக்கும் குறைவான ஒயில்தான் நிற்கும். காரில் மாதிரி எஞ்சினுக்கு ஒரு ஒயில், கியருக்கு ஒரு ஒயில் என்று இல்லை. எஞ்சின், கிளச், கியர் மூன்றும் அந்த ஒரே ஒயிலில்தான் குளிக்கின்றன. பெரிய எஞ்சினில் கால் லீற்றர் குறைந்தால் தாங்கும். இதில் கால் லீற்றர் என்பது கால்வாசிக்கும் மேல். “ஒழுகத்தான் செய்யும்” என்று எட்டு மாதம் விட்டதன் கணக்கு அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

கராஜுக்குப் போனேன். மூன்று கராஜ்.

முதலாவது கராஜில் குனிந்து கீழே பார்த்தார்கள். எஞ்சினின் அடியில் ஒயில் கழிக்கிற போல்ட் ஒன்று இருக்கும். அதன் நுனியில் ஒரு சொட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. நீட்டு ஸ்பனர் ஒன்றால் அதை இழுத்து இறுக்கிவிட்டு “சரி பிள்ளை” என்றார்கள். அடுத்த நாள் காலை கறையில் நாலு சொட்டு.

இரண்டாவது கராஜில் போல்ட்டைக் கழற்றினார்கள். வாசர் மாற்றி, சுற்றிவர சிலிக்கன் பூசிப் பூட்டினார்கள். இரண்டு நாள் காய்ந்து கிடந்தது. மூன்றாம் நாள் சிலிக்கனுக்கு மேலாலேயே சொட்டுத் தொங்கியது.

மூன்றாவது இடத்தில் ஒருவர் எஞ்சினைத் தூரத்தில் நின்றே பார்த்தார். “உது ஹெட் பக்கிங் போயிட்டுது பிள்ளை. எஞ்சின் இறக்கோணும்.”

“எவ்வளவு முடியும் அண்ணை?”

“இறக்கினாத்தான் சொல்லலாம். ஒரு இருவத்தஞ்சு எண்டு வையுங்கோவன்.”

இருபத்தையாயிரம். அப்போதைய மகாபொலவை மூன்று மாதம் ஒரு சதமும் தொடாமல் சேர்த்தாலும் காணாது. நான் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வரும் வழியில்தான் ஒன்று தோன்றியது. மூன்று பேர் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தர் இறுக்கினார், ஒருத்தர் பூசினார், ஒருத்தர் கழற்றச் சொன்னார். ஆனால் ஒயில் எங்கேயிருந்து வருகிறது என்று ஒருத்தரும் தேடவில்லை. ஒயில் எங்கே தொங்குகிறது என்பதைத்தான் பார்த்தார்கள்.

இரண்டும் வேறு வேறு. எஞ்சினுக்கு வெளியே வந்த ஒயில் தண்ணீரைப் போலத்தான், கீழே போகும். உலோகத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து ஊர்ந்து, ஆகப் பதிவான இடத்துக்கு வந்து அங்கே சொட்டும். பைக் ஓடும்போது முன்னிருந்து அடிக்கிற காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். அதனால் சொட்டு விழுகிற இடத்துக்கும் ஓட்டைக்கும் ஒரு சாண் தூரம்கூட இருக்கலாம். ஒயில் கழிக்கிற போல்ட் எஞ்சினின் ஆக அடியில் இருக்கிறது. எங்கே ஒழுகினாலும் குற்றம் அதன் தலையில்தான் வந்து விழும்.

அப்பா சொன்னார், “கழுவாமல் ஒண்டும் தெரியாது.” இயக்கமும் ஆமியும் தடையும் என்று இருந்த தொண்ணூறுகளில் இதே மாதிரி ஒரு சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடினவர் அவர். ஸ்ராட் எடுக்கப் பெற்றோல் நாலு சொட்டு, பிறகு மண்ணெண்ணெய். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிவிடும் என்று குச்சியை எடுத்து மணந்து மணந்து பார்ப்பார்களாம். அந்த மனிசன்தான் எட்டு மாதம் “ஒழுகத்தான் செய்யும்” என்று இருந்தவரும். தெரியாமல் இல்லை. களைத்துப்போனார், அவ்வளவுதான். நான் கேட்டதும் காற்சட்டையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு கறை இருக்கலாம்.

முதலில் எஞ்சின் நன்றாக ஆறும் வரைக்கும் விட்டோம். டபிள் ஸ்ராண்டில் நிமிர்த்தி, கீழே ஒரு பழைய பேசின். பல்லுத் தீட்டிக் கழித்த பிறஷ் ஒன்றை மண்ணெண்ணெயில் தோய்த்து எஞ்சினின் அடி, பக்கம், செயின் கவரின் உள்பக்கம் எல்லாம் உரஞ்சினோம். பெற்றோலால் கழுவ வேண்டாம், அதன் ஆவி சட்டென்று பற்றும். வருடக்கணக்கான சேறும் ஒயிலும் சேர்ந்து களியாகப் படிந்திருந்தது. அது போனபிறகு சவர்க்காரத் தண்ணீர், பிறகு பழைய துணியால் துடைத்து வெயிலில் காயவிட்டோம். இதற்கே ஒரு மணித்தியாலம் போனது. களி கழன்றபிறகுதான் எஞ்சினில் எங்கெங்கே மூட்டு இருக்கிறது, எங்கே தண்டு வெளியே வருகிறது என்றெல்லாம் எனக்குத் தெரிந்தது. நாலு வருடமாக ஓடுகிற பைக்கின் இடப்பக்கத்தை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

பிறகு பவுடர். முகத்துக்குப் பூசுகிற சாதாரணப் பவுடரை ஒரு பஞ்சில் எடுத்து, சந்தேகமான இடமெல்லாம் மெல்லிசாகத் தட்டிவிட்டோம். காய்ந்த பவுடர் வெள்ளையாக இருக்கும், ஒயில் பட்ட இடம் மட்டும் கறுத்துக் கோடு விழும். கராஜில் எந்த மெசினும் இல்லாமல் இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சந்தி வரைக்கும் ஓடிவிட்டு வந்து பார்த்தோம். பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். பிடிச்சாச்சு என்று நான் துள்ளினேன். அப்பா விரலால் தொட்டுப் பார்த்து, “இது செயினுக்கு நீ போன கிழமை விட்ட ஒயில்” என்றார். சுழலுகிற செயின் வீசியடித்த ஒயில் அது, ஒட்டிப் பிடித்தது. எஞ்சின் ஒயில் அதைவிட மெல்லிசு, வழுக்கும். நான் இரண்டு கராஜில் குறை பிடித்துவிட்டு வந்து, அதே பிழையை என் வீட்டிலேயே செய்தேன். ஈரம் கண்ட இடத்தில் முடிவெடுத்துவிட்டேன்.

திரும்பச் செயினைத் துடைத்து, திரும்பப் பவுடர். இந்த முறை ஓடவில்லை. காற்றும் செயினும் குழப்பாமல் இருக்க, நிற்க வைத்தே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டோம். வெளியிலேதான், புகை உள்ளே அடையாத இடத்தில். நான் தரையில் படுத்துக்கொண்டு ரோச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டிய முறை ஒன்றுதான்: ஈரத்தில் ஆக மேலே இருக்கிற புள்ளி எது? அதற்கு மேலே காய்ந்திருக்கிறதா? காய்ந்திருந்தால் அந்தப் புள்ளிதான் வாசல்.

ஆறாவது நிமிடம் போல, இடப்பக்கம், காலால் மிதிக்கிற கியர் பெடலின் தண்டு எஞ்சினுக்குள் நுழைகிற இடத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்பு வளையம் வந்தது. அது தடித்தது. கீழ்ப்பக்கம் உடைந்து ஒரு கோடாக இறங்கியது. கோடு கவரின் விளிம்பைப் பிடித்து எஞ்சினின் அடிக்குப் போனது. அடியால் ஊர்ந்து, நேராகப் போய் எங்கே நின்றது தெரியுமோ? இரண்டு கராஜிலும் சண்டை பிடித்த அந்த ஒயில் போல்ட்டின் நுனியில். போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் போல்ட்டில் ஒரு பிழையும் இல்லை. முதலாவது கராஜில் இழுத்து இறுக்கியதில் மரை கழன்றிருந்தால்தான் உண்மையான பிழை வந்திருக்கும். ஏனென்றால் போல்ட் இரும்பு, அது பூட்டுகிற எஞ்சின் அலுமினியம்.

ஹெட் பக்கிங்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போயிருந்தது ஒரு ஒயில் சீல், றப்பர் வளையம். உள்ளே சுழலுகிற அல்லது அசைகிற தண்டு வெளியே வருகிற ஒவ்வொரு வாசலிலும் இப்படி ஒன்று இருக்கும். கியர் தண்டு, கிக்கர் தண்டு, செயின் ஸ்பொக்கெட் பூட்டுகிற தண்டு எல்லாவற்றுக்கும் உண்டு. அதன் உள் உதடு தண்டைக் கவ்விப் பிடித்து ஒயிலை மறிக்கும். வருடங்கள் போக சூட்டில் றப்பர் இறுகிக் கல்லாகும், உதடு கவ்வாது. சீலில் மூன்று இலக்கங்கள் பொறித்திருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு, மில்லிமீற்றரில். பழைய சீலைக் கையில் கொண்டுபோய்க் கடையில் காட்டினால் போதும். விலை முந்நூறு ரூபாவுக்குள் வந்தது.

பூட்டினது லேசாக முடியவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒயிலைக் கழித்துவிட்டு, கியர் பெடல் எந்தக் கோணத்தில் இருந்தது என்று கியூட்டெக்ஸால் தண்டிலும் பெடலிலும் ஒரு புள்ளி வைத்தேன். பெடலின் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் வராது, முழுக்க உருவ வேண்டும். அது தெரியாமல் கால் மணித்தியாலம் இழுத்தோம். கவரின் ஸ்குறூ ஒன்று தலை வழுக்கியது. அப்பா ஸ்குறூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டித்தான் எடுத்தார். பழைய சீலைத் தண்டிலும் வீட்டிலும் கீறல் விழாமல் நுனியால் கிளப்பினோம். கீறல் விழுந்தால் புதுச் சீலும் ஒழுகும்.

புதுச் சீலை நான்தான் தள்ளினேன், அவசரமாக. அன்றைக்குப் பின்னேரமே திரும்ப ஒழுகியது. கழற்றிப் பார்த்தால் உதட்டில் வெட்டு. தண்டின் நுனியில் பெடல் கவ்வுவதற்குப் பல்லுப் பல்லாக வெட்டியிருக்கும். அதற்கு மேலாகச் சீலைத் தள்ளும்போது அந்தப் பல்லுகள் றப்பரைக் கிழித்துவிட்டன. அடுத்த நாள் இன்னொரு சீல். இந்த முறை தண்டின் பல்லுகளுக்கு மேல் மெல்லிய ரேப் சுற்றி, உதட்டில் கொஞ்சம் ஒயில் தடவி, வில்லு இருக்கிற பக்கம் உள்ளே பார்க்க வைத்து, சீலின் வெளி விட்டத்துக்குக் கொஞ்சம் சிறிய பிவிசி குழாய்த் துண்டால் நாலு பக்கமும் ஒரே அளவாகத் தட்டினோம். கோணாமல் போய் அமர்ந்தது. போல்ட்டில் இருந்த சிலிக்கனைச் சுரண்டி எடுத்து, புது வாசர் போட்டு, அளவாக இறுக்கினோம். மோட்டார் சைக்கிளுக்கு என்று விற்கிற ஒயில் விட்டோம். கிளச்சும் அதே ஒயிலில் கிடப்பதால் கார் ஒயில் சிலது கிளச்சை வழுக்கச் செய்யும். மேல் கோட்டுக்கு மேலேயும் விடக்கூடாது. கூடினால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு வரும்.

இரண்டு சீல், வாசர், ஒயில் எல்லாம் சேர்த்தும் இருபத்தையாயிரத்துக்குக் கிட்டவும் போகவில்லை.

இனி நான் சொல்ல வந்த விசயம். இந்தக் கதையைக் கேட்ட நண்பர்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள்: “கராஜ்காரர் எல்லாம் கள்ளர்.” எனக்கும் முதல் நாள் அப்படித்தான் இருந்தது. பிறகு இரண்டாவது கராஜ் அண்ணையிடம் வேறு வேலையாகப் போனபோது படத்தைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. நன்றாகப் பெருப்பித்துப் பார்த்தார். “கியர் சீலோ... ஓம், வரும்” என்றார். பிறகு சொன்னார், “பிள்ளை, கழுவி, காயவிட்டு, பவுடர் போட்டு, படுத்துக் கிடந்து பாத்தனீங்கள். உதுக்கு எனக்கு அரை நாள் வேணும். பாக்கிறதுக்கு ஆர் காசு தருவினம்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது முழுக்க உண்மை. டொக்டரிடம் போனால் அவர் பார்க்கிறதுக்கே காசு கொடுக்கிறோம். மருந்து ஒன்றும் வேண்டாம் என்று அனுப்பினாலும் கொடுக்கிறோம். கராஜில் மட்டும் சாமானுக்கும் பூட்டுக் கூலிக்கும்தான் காசு. “இரண்டு மணித்தியாலம் பார்த்தேன், முந்நூறு ரூபாச் சீல் ஒன்று, அவ்வளவுதான்” என்று ஒருத்தர் சொல்லி மூவாயிரம் கேட்டால் நாங்கள் சண்டைக்குப் போவோம். எஞ்சினை இறக்கிப் பத்து பக்கிங் மாற்றி இருபத்தையாயிரம் கேட்டால், கடன்பட்டாவது கொடுப்போம். அப்ப அவர் என்னத்தைச் செய்வார்? கண்ட இடத்தில் இறுக்குவார். அது சரிவராவிட்டால் எல்லாத்தையும் கழற்றச் சொல்வார். பார்க்கிற வேலைக்கு மதிப்பே வைக்காத எங்களுக்குப் பார்க்காமல் செய்த வேலைதான் கிடைக்கும்.

அதனால் என்னுடைய கருத்து இதுதான். பழுது பார்ப்பதை எல்லாரும் வீட்டிலேயே செய்யுங்கோ என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்ப்பதை வீட்டில் செய்யலாம், செய்ய வேண்டும். கராஜ் அண்ணையிடம் இல்லாத ஒரு சாமான் எங்களிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கழுவி, காயவிட்டு, பவுடர் தட்டிப் படமெடுத்துக்கொண்டு போய் “அண்ணை, இதில இருந்துதான் வருது” என்று காட்டினால் அவரும் அதை மட்டும் செய்து தருவார். சிலிண்டரின் அடி மூட்டிலிருந்தோ எஞ்சின் பெட்டி இரண்டாகப் பிரிகிற மூட்டிலிருந்தோ வந்தால் அது வீட்டு வேலை இல்லை, கட்டாயம் அவரிடம் போக வேண்டும். பின் ரயரில் ஒயில் படுகிறது என்றால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது, வளைவில் விழுத்திவிடும். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் குச்சியில் ஒயில் குறைந்துகொண்டே போய், குழாயால் நீலப் புகை வந்தால் ஒயில் உள்ளே எரிகிறது. அதுக்குப் பவுடர் உதவாது. உங்களுக்குப் பார்க்க நேரம் இல்லையென்றால், பார்க்கிற கூலி என்று தனியாக ஒன்றைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கோ. அதைக் கேட்கிற அண்ணையைக் கள்ளன் என்று சொல்லாதேங்கோ.

இன்னொரு கதையும் காதில் விழுந்தது. நான் தரையில் படுத்திருந்தபோது அம்மா படலையைப் பார்த்துக்கொண்டே நின்றா. “உந்தக் கோலத்தில ஆரும் கண்டா என்ன சொல்லுவினம்?” பக்கத்து வீட்டு மாமா கண்டார். “என்ன, பெடியன் இல்லாத குறையைத் தீர்க்கிறாளோ?” என்று அப்பாவிடம் சிரித்தார். அப்பா அதுக்கும் சிரித்தார், எனக்கு அதுதான் கோபம். அண்ணாவோ தம்பியோ இருந்திருந்தால் எனக்கு இந்தக் கியர் தண்டு எங்கே இருக்கிறதென்று வாழ்நாளில் தெரிந்திருக்காது. ஓடுகிறவள் நான், அதில் விழப்போகிறவளும் நான்.

கம்பஸில் கேட்டது வேறு மாதிரி. “ஆர்ட்ஸ் படிக்கிற உனக்கு ஏன் உது?” நான் படிப்பது வரலாறு. ஒரு சான்று கண்டெடுத்த இடமும் அது உருவான இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, இடையில் யார் எப்படி நகர்த்தினார்கள் என்று கேள் என்பதுதான் எங்களுக்கு முதலாம் வருடத்திலேயே சொல்லித்தந்தது. பரீட்சையில் எழுதிவிட்டு மறந்த விசயம், சீமெந்துத் தரையில் படுத்துக்கிடக்கும்போதுதான் உண்மையாக விளங்கியது.

கடைசியாக அந்தப் பேசின். வேலை முடிந்து பார்த்தால் அதில் கறுப்பு ஒயிலும் மண்ணெண்ணெயும் நிறைந்து கிடந்தது. அப்பா வழமைப்படி தூக்கிக்கொண்டு வேலியடிக்குப் போனார். கறையான் அரிக்காது என்று வேலிக் கட்டைக்கு ஊற்றுவது எங்கட ஊர்ப் பழக்கம். நான் மறித்தேன். வேலியில் இருந்து எங்கட கிணறு பத்து அடி. எட்டு மாதமாக அம்மா தள்ளிய மண்ணும் அந்தக் கிணற்றடியில்தான் கிடக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிற மழைத் தண்ணீர்தான் எங்கட முழுச் சொத்து. அந்தக் கல்லு ஓட்டையும் வெடிப்பும் நிறைந்தது, மேலே ஊற்றியது எதுவும் கீழே போக அதிக காலம் எடுக்காது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. பவுசரில் தண்ணீர் வந்ததும், சனம் றோட்டில் இறங்கியதும் ஞாபகம் இருக்கிறது. எண்ணெய் இருக்கிறதா இல்லையா, இருந்தால் எங்கேயிருந்து வந்தது, ஆர் பொறுப்பு என்று வருடக்கணக்காக வாதாடினார்கள். 2019 ஏப்ரலில்தான் உயர் நீதிமன்றம், அங்கே மின்னிலையம் நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது.

ஒரு மின்னிலையத்தையும் எங்கட பேசினையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. அப்படி வைத்தால் பெரிய ஆட்கள் தப்பிவிடுவார்கள். ஆனால் அந்தச் சனம் கேட்ட கேள்வி நான் தரையில் படுத்துக்கொண்டு கேட்ட அதே கேள்விதான்: இது எங்கேயிருந்து வருகிறது? கிணற்றில் கண்டால் கிணற்றை இறைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மேலே பார்த்தார்கள், விடாமல் பார்த்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட ஊரில் இருந்துகொண்டு, வீட்டு ஒயிலை வேலிக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

“அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?” என்றார் அப்பா, பேசினைப் பிடித்தபடி. பழைய ஒயில் போத்தல் ஒன்றில் வடித்து மூடி, பீப்பாயில் கழிவு ஒயில் சேர்க்கிற சேர்விஸ் இடம் ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கினார்கள். கிணற்றடி மண்ணை அம்மாவும் நானும் மண்வெட்டியால் வழித்து எடுத்தோம். எட்டு மாதத்து மண் இரண்டு உரப்பை வந்தது. அது இன்னும் மதிலோரம் கட்டியபடி இருக்கிறது. அதை எங்கே கொடுப்பதென்று கேட்டுத் திரிகிறேன். பிரதேச சபையில் கேட்டால் பார்க்கலாம் என்றார்கள்.

போர்ட்டிக்கோவில் கறை அப்படியே இருக்கிறது, சீமெந்து குடித்துவிட்டது, போகாது. அதற்கு மேல் இப்போது ஒவ்வொரு இரவும் ஒரு பழைய பேப்பரை விரித்துவிட்டு பைக்கை நிறுத்துகிறேன். காலையில் அம்மா தும்புத்தடியோடு வந்து, முதலில் குனிந்து பேப்பரைப் பார்க்கிறா. போன கிழமை ஒரு சொட்டு இருந்தது. “பிள்ளேய், திரும்ப வந்திட்டுது!” என்று கத்தினா. ஓடிப்போய்ப் பார்த்தேன். விரலில் ஒட்டியது. செயின் ஒயில்.

உங்கட வீட்டிலும் இண்டைக்கு இரவு ஒரு பேப்பரை விரித்துப் பாருங்கோ.